மக்னீன் மன்றத்தில் ஒரு சிவப்புச் சொல்

அன்னாபா
5 மார்ச் 2011, சனி

புதிய உறுப்பினர் ‘பாலத்துக்காரர்’ அவர்களுக்கு,

சலாம். மக்னீன் பாட்டுக்குருவி வளர்ப்போர் இணைய மன்றத்துக்கு உங்களை வரவேற்கிறேன். உறுப்பினர்களின் சுயவிவரப் பக்கங்களைக் கண்காணிப்பது என் பொறுப்பு. வரவேற்பு அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உங்கள் பக்கம் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருக்கிறது. ஊர்: கான்ஸ்டன்டீன். பறவைகள்: 1. மற்றதெல்லாம் காலி. பறவையின் படம் இருக்கவேண்டிய இடத்தில் உங்கள் ஊர்த் தொங்குபாலத்தின் படம். பாலத்தையா கூண்டில் வளர்க்கிறீர்கள்?

ஏழாம் விதியைத் தயவுசெய்து படியுங்கள். சொந்தப் பறவையின் படம் வேண்டும். கூண்டுக்குப் பக்கத்தில் அன்றைய செய்தித்தாள், தேதி தெரிகிறபடி. கூடவே அதன் பாட்டு, ஒரு நிமிடப் பதிவு. ஏன் இந்தக் கெடுபிடி என்று கேட்பீர்கள். ஸ்கிக்தாவில் ஒருவர் எங்கோ துருக்கியில் இருக்கும் பறவையைத் தன்னுடையது என்று போட்டு எட்டு மாதம் பாராட்டு வாங்கித் தின்றார். அதிலிருந்து யாரையும் நம்புவதில்லை.

இன்னொன்று. ஓரான்காரர் ஒருவருடைய மக்னீனுக்குக் கீழே “அருமையான குரல்” என்று மொட்டையாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் ‘மாஷா அல்லாஹ்’ எழுதாமல் அடுத்தவர் பறவையைப் புகழக் கூடாது என்பது இங்கே பாலர் பாடம். அந்த மனிதர் பதறிப்போய் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “கண்ணு பட்டுடுச்சுங்க, காலையிலேர்ந்து வாயே தொறக்கல”ன்னு ஒரே புலம்பல். உங்கள் வரியை நீக்கிவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி. யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தடைசெய்யப்பட்ட ஒருவருடைய பக்கத்தை நீங்கள் முப்பத்தொரு தடவை திறந்திருக்கிறீர்கள். எதற்கு?

ஸுபைர் பூஷமா


கான்ஸ்டன்டீன்
8 மார்ச் 2011, செவ்வாய்

கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

படம், செய்தித்தாள், பாட்டு மூன்றும் இணைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் எடுத்தபோது கூட என்னை இவ்வளவு கேட்கவில்லை.

‘மாஷா அல்லாஹ்’ விட்டுப்போனது என் தவறுதான். ஓரான்காரரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் பறவை இப்போது பாடுகிறதா?

தடைசெய்யப்பட்டவரின் பக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பார்க்கக் கூடாதென்றால் அதை ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள்? ஆளின் முழுப்பெயர், ஊர், தொழில், அதற்குக் கீழே சிவப்பில் ‘தடை. காரணம்: திருடன்’. நாலு பேர் பார்க்கத்தானே போட்டிருக்கிறீர்கள்? நானும் நாலு பேரில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். பறவைகள்: 0. சொந்தமாக ஒரு குஞ்சு கூட இல்லாதவர் அடுத்தவர் கூண்டுக்குள் இவ்வளவு ஆசையாகத் தலையை விடுவது ஏன் என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது.

பாலத்துக்காரர்


அன்னாபா
9 மார்ச் 2011, புதன்

பாலத்துக்காரரே,

பதிவைக் கேட்டேன். பதினோரு தடவை கேட்டேன். நாற்பத்தோராவது நொடியில் நீளமாக ஒரு இழுப்பு, அது முடிந்ததும் ‘கட், கட், கட்’ என்று மூன்று தட்டு. உலகத்தில் எந்த மக்னீனும் அப்படித் தட்டாது. என் பாஷாவைத் தவிர.

அந்த மூன்று தட்டு என் மனைவியின் தையல் இயந்திரத்தில் இருந்து பாஷா பிடித்துக்கொண்டது. பாட்டு கெட்டுப்போயிற்றே என்று அப்போது எவ்வளவோ வருத்தப்பட்டேன். இன்று அதுதான் எனக்குச் சாட்சி.

2008 ஜூன் 14 அன்று என் பால்கனியிலிருந்து பாஷா திருட்டுப்போனது. அதற்கு முந்தின நாள் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். இருபது வருஷப் பழக்கம். என் காப்பியைக் குடித்துக்கொண்டு கூண்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பேசாமல் கொள்ளாமல், பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் கடைவீதிக்குப் போய்த் திரும்பினால் கூண்டின் கதவு திறந்து கிடக்கிறது. அன்றைக்கே அவனைத் தடை செய்தேன். நீங்கள் முப்பத்தொரு தடவை திறந்த பக்கம் அவனுடையது. தையிப் லெஃப்கூன்.

உங்கள் இணைப்பு எண்ணையும் பார்த்துவிட்டேன். தையிப் எந்த வீட்டிலிருந்து எழுதினானோ அதே வீட்டிலிருந்துதான் நீங்களும் எழுதுகிறீர்கள். வேறு பெயரில் மறுபடி நுழைவது நாலாம் விதிப்படி குற்றம். தையிப், நீ கெட்டிக்காரன் என்று நினைத்தேன். திருடிய பொருளை அதன் சொந்தக்காரன் காதிலேயே கொண்டுவந்து ஊதுகிறாயே!

பறவையை அனுப்பிவை. இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்.

ஸுபைர்


கான்ஸ்டன்டீன்
12 மார்ச் 2011, சனி

ஐயா,

நான் தையிப் இல்லை. அவருடைய மகள் வஸீலா. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எனக்குச் சிவப்பு மழைக்கோட்டு வாங்கிவந்தது நீங்கள்தான். அப்போது உங்களைச் சித்தப்பா என்று கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் அப்படி எழுத மனம் வரவில்லை.

வேறு பெயரில் நுழைந்தது உண்மை. சொந்தப் பெயரில் வந்திருந்தால் என் கடிதத்தைப் பிரித்திருப்பீர்களா?

ஜனவரியில் எனக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை ஹிஷாம், நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு எதிரே கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். அவருடைய அப்பா முக்தார், எல்லோரும் மரியாதையாகச் ‘சீ முக்தார்’ என்று கூப்பிடுகிறவர், உங்கள் மன்றத்தில் உறுப்பினர். சம்பந்தி ஆகப்போகிறவரும் மக்னீன் வளர்க்கிறவராமே என்று ஆசையாக அப்பாவின் பெயரைத் தேடியிருக்கிறார். சிவப்பில் உங்கள் சொல் வந்து நின்றது. நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, “கொஞ்ச நாள் போகட்டும்” என்று சொல்லி அனுப்பினார்கள். ஏன் என்று ஹிஷாமிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, “எங்கப்பா என்னமோ படிச்சாராம்”னு சொன்னார். அவ்வளவுதான். அப்பா அன்றிலிருந்து பறவைச் சந்தைக்குப் போவதில்லை.

இனி உங்கள் சாட்சியைப் பற்றி. எங்களிடம் இருக்கும் பறவை 2009 வசந்தத்தில் எங்கள் வீட்டுக் கூண்டிலேயே முட்டையிலிருந்து வந்தது. வால் இறகில் நாலு வெள்ளைப் பொட்டு, படத்தில் எண்ணிப் பாருங்கள். பாஷாவுக்கு ஆறு. அன்றைக்கு அப்பா உங்கள் பால்கனியில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தார். அந்தப் பதிவைத்தான் எங்கள் குஞ்சுக்குப் போட்டுக் காட்டினார். கூண்டைத் துணியால் மூடி, தினமும் காலையில் ஒரு மணி நேரம். குஞ்சு உங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டது. மக்னீனுக்கு இப்படித்தான் பாட்டு பழக்குவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

“உங்களைத் திருடன்னு சொன்னவரோட பறவைப் பாட்டு நமக்கு எதுக்குப்பா?”ன்னு ஒருநாள் கேட்டேன். “பாட்டு என்னடி பண்ணுச்சு?”ன்னார்.

அந்தச் சொல்லை எடுங்கள்.

வஸீலா லெஃப்கூன்


அன்னாபா
15 மார்ச் 2011, செவ்வாய்

சகோதரி வஸீலா அவர்களுக்கு,

பெண் உறுப்பினருக்கு ஓர் ஆண் தனிக்கடிதம் எழுதினால், தன் வீட்டுப் பெண்களில் ஒருவருக்கு அதைப் படித்துக்காட்டிய பிறகே அனுப்பவேண்டும் என்பது பதினோராம் விதி. ஆகவே உங்கள் கடிதத்தையும் என் பதிலையும் என் மனைவி ஹூரியா கேட்க, சத்தமாகப் படித்தேன்.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மகள் என்கிறீர்கள். மகள்தான் எழுதுகிறாள், பக்கத்தில் அப்பன் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? பாட்டைப் பதிவு செய்தார் என்கிறீர்கள். நான் பார்க்கவில்லையே. வால் பொட்டும் இறகு உதிர்ந்து முளைத்தால் மாறும்.

உங்கள் கல்யாணம் தள்ளிப்போனதற்கு வருந்துகிறேன். அதற்காக விதியை வளைக்க முடியாது. நாலாயிரம் பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். பழைய பதிவு உண்மையிலேயே இருந்தால் வெட்டாமல், ஒட்டாமல், முழுசாக அனுப்புங்கள்.

ஹூரியாவுக்குத் தலைவலி. உங்கள் கடிதத்தைப் பாதிவரை கேட்டுவிட்டு, “தையிப் அண்ணனையா? அவரையா நீங்க திருடன்னு போட்டீங்க?”ன்னு கேட்டாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். மீதியைக் கதவுக்கு வெளியே நின்று படித்தேன். அதுவும் விதிக்கு உட்பட்டதே.

ஸுபைர் பூஷமா


கான்ஸ்டன்டீன்
17 மார்ச் 2011, வியாழன்

ஐயா,

முழுப் பதிவையும் அனுப்பியிருக்கிறேன். ஒரு மணி ஐம்பது நிமிடம். கடைசியில் உங்கள் குரலே இருக்கிறது: “எடுத்துக்கோ தையிப், தாராளமா எடுத்துக்கோ. ஆனா அந்தத் தையல் மெஷின் சத்தத்த மட்டும் உன் குஞ்சுக்குக் கத்துக்குடுத்துடாத!” பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அனுமதி கொடுத்ததை மறந்துவிட்டீர்களா, அல்லது நினைக்க இஷ்டமில்லையா?

அப்பாவுக்கு நான் எழுதுவது தெரியாது. தெரிந்தால் கணினியைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடுவார்.

ஒன்று கேட்கிறேன். மக்னீனைத் திருட வருகிறவன் கூண்டோடுதான் தூக்குவான். அவசரத்தில் வெறுங்கையால் பிடித்தால் பயத்திலேயே செத்துப்போகும் என்று பறவை வளர்க்கிற வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். உங்கள் கூண்டு அங்கேயே இருந்தது, கதவு மட்டும்தான் திறந்திருந்தது. நாலாயிரம் பேருக்கு விதி எழுதுகிறவருக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? மூன்று வருஷமாகத் தோன்றவில்லையா? இல்லை, வேறு எதையோ மறைக்கிறீர்களா?

வஸீலா


அன்னாபா
24 மார்ச் 2011, வியாழன்

அன்பு மகள் வஸீலாவுக்கு,

உன் தந்தையின் பக்கத்திலிருந்து அந்தச் சொல்லை இன்று எடுத்துவிட்டேன். தடையும் நீங்கியது. நிர்வாகம் மறுபரிசீலனை செய்ததில் இந்த முடிவுக்கு வந்தது. காரணம் எதுவும் பக்கத்தில் குறிப்பிடவில்லை. குறிப்பிடாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

இதைப் பற்றிப் பொது இடத்தில் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உன் பறவைக்கு மாஷா அல்லாஹ், நல்ல குரல்.

ஸுபைர்


கான்ஸ்டன்டீன்
26 மார்ச் 2011, சனி

ஐயா,

பதினைந்தாம் தேதி நான் ‘சகோதரி அவர்கள்’. இருபத்துநாலாம் தேதி ‘அன்பு மகள்’. இடையில் என்ன நடந்தது?

நீங்கள் சொல்லை எடுத்த அன்று மாலையே சீ முக்தார் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். எல்லோர் முன்னாலும், “என்னம்மா, உங்கப்பா யாரைப் பிடிச்சு எடுக்கவெச்சாரு?”ன்னு கேட்டார். முன்பாவது திருடன் என்று நினைத்தார்கள். இப்போது திருடிவிட்டுக் காலைப் பிடித்துத் தப்பித்தவர் என்று நினைக்கிறார்கள். ஒரு வார்த்தையைப் போட உங்களுக்குக் காரணம் இருந்தது, எடுக்க மட்டும் காரணம் இல்லையா?

உங்கள் மன்றத்தின் எட்டாம் விதி எனக்கு மனப்பாடம். ‘தடை விதித்தாலும் நீக்கினாலும் காரணம் எழுதப்படும்.’ நீங்களே எழுதிய விதி அது.

பாஷா எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தெரிகிறது. யாரைக் காப்பாற்றுகிறீர்கள்? என் அப்பாவை விட மேலான ஆள் யார்?

வஸீலா


அன்னாபா
2 ஏப்ரல் 2011, சனி
(தபாலில்)

வஸீலா,

இதைத் தாளில் எழுதக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நீ அனுப்பிய பதிவை முன்னறையில் உட்கார்ந்து கேட்டேன். என் குரலும் உன் அப்பாவின் சிரிப்பும் வந்தபோது ஹூரியா வந்து எதிரில் நின்றாள்.

“நிறுத்துங்க. நாந்தான் தெறந்துவிட்டேன்”ன்னாள்.

எனக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டேன்.

“கூண்டை. பாட்டு கெட்டுப்போகுதுன்னு என் மெஷினை சமையல்கட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் போட்டீங்க. கல்யாண சீசன். ஒன்பது பொண்ணுங்களுக்கு ஜரிகை மேல்சட்டை தெச்சுத் தரணும். அந்த இருட்டுல ஊசி விரலுக்குள்ள ஏறிடுச்சு. ரத்தத்தோட பால்கனிக்கு வந்தேன். உங்க பாஷா என்னப் பாத்து கட், கட், கட்டுங்குது. எனக்கு இடமில்ல, என் மெஷின் சத்தத்துக்கு மட்டும் பால்கனில இடம்! கதவத் தெறந்தேன். போகமாட்டேன்னு வாசல்லயே உக்காந்திருந்துச்சு. கைய வீசி நாந்தான் வெரட்டுனேன்.”

“மூணு வருஷமா ஏன்டி சொல்லல?”ன்னேன்.

“நீங்க எங்க கேட்டீங்க? வீட்டுக்குள்ள வரும்போதே ‘திருடிட்டான்’னு கத்திக்கிட்டு வந்தீங்க. ஏதோ தெருவுல போறவன்னு நெனச்சேன். தையிப் அண்ணன் ஏன் வர்றதில்லன்னு கேட்டப்ப, வேலை அதிகம்னு சொன்னீங்க. அவரு பேரைப் போட்டீங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்.”

மகளே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலில் என் வீட்டு மானத்தைப் பார்த்தேன். அதனால்தான் அந்த மழுப்பல் கடிதம். உன் பதிலையும் விதிப்படி ஹூரியாவுக்குப் படித்துக்காட்டினேன். “என் பேரப் போட்டு எழுதுங்க. நான் ஒண்ணும் வெக்கப்படல”ன்னாள். நான் அவள் பெயரைப் போடவில்லை. தவறு அவள் கதவைத் திறந்ததில் இல்லை. நேற்று மன்றத்தின் முதல் பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘என் பறவையை யாரும் திருடவில்லை. என் வீட்டிலேயே கூண்டு திறக்கப்பட்டது. தையிப் லெஃப்கூன் குற்றமற்றவர். அவரிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் திருடன் என்று எழுதியவன் நான்.’

ஒன்பதாம் விதிப்படி, பொய்ப் பழி சுமத்துகிறவருக்குத் தொண்ணூறு நாள் தடை. என்னை நானே தடை செய்துகொண்டேன். இப்போது என் பக்கத்தில் சிவப்பு எழுத்து இருக்கிறது. அதனால்தான் தபால்.

உன் அப்பாவைப் பார்க்க வரலாமா?

ஸுபைர்


கான்ஸ்டன்டீன்
11 ஏப்ரல் 2011, திங்கள்

ஐயா,

உங்கள் அறிவிப்பைப் படித்தேன். நாலு தடவை படித்தேன், எங்காவது நழுவுகிறீர்களா என்று. நழுவவில்லை. நன்றி.

சீ முக்தார் தொலைபேசியில் அழைத்தார். மே மாதம் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாமாம். ஹிஷாம் முதலில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நடந்த எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். கணினி ஆற்றுக்குப் போகவில்லை. அறிவிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “அவன் ஒரு தடவ எங்கிட்ட கேட்டிருக்கலாம்”ன்னார். எழுந்துபோய்ப் பறவைக்குத் தண்ணீர் மாற்றினார்.

நீங்கள் வரலாமா என்று கேட்டேன். வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஹூரியா சித்தியையும் கூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வாருங்கள். சித்தியைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

வஸீலா


அன்னாபா
24 ஏப்ரல் 2011, ஞாயிறு

வஸீலா,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். உன் அம்மா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழப் பலகாரத்தை ஹூரியா பேருந்திலேயே பாதி முடித்துவிட்டாள்.

தையிப் என்னைத் திட்டுவான் என்று தயாராக வந்தேன். அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் காப்பி ஊற்றினான், மூட்டுவலியைப் பற்றிப் பேசினான், பேருந்தில் கூட்டமா என்று கேட்டான். நான் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம், “குடி, ஆறிடப்போவுது”ன்னான். அவன் மன்னித்துவிட்டானா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஹூரியா, “அதெல்லாம் மன்னிச்சாச்சு”ங்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒன்று மனதை உறுத்துகிறது. உங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் இருந்தேன். உங்கள் மக்னீனின் சத்தமே கேட்கவில்லை. முன்னறை ஜன்னலில் கூண்டு மாட்டும் கொக்கி இருந்தது, கூண்டு இல்லை. கேட்க வாய் வரவில்லை. பறவை நன்றாக இருக்கிறதா? எதுவும் ஆகிவிடவில்லையே? உண்மையைச் சொல்.

ஸுபைர்


கான்ஸ்டன்டீன்
28 ஏப்ரல் 2011, வியாழன்

ஐயா,

பறவை நன்றாக இருக்கிறது. இப்போது கூடப் பாடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அப்பா கூண்டைக் கழற்றித் துணி போட்டு மூடி, மாடி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னுமா பழசையே மனசுல வெச்சிருக்கீங்க? அவர் என்ன, பறவையத் தூக்கிட்டா போயிடுவாரு?”ன்னு சண்டை போட்டேன்.

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவன் தூக்கமாட்டான்டி. அது எனக்குத் தெரியும். ஆனா அவன் வந்துட்டுப் போன மறுநாள் பறவைக்கு ஒரு சீக்கு வந்துச்சுன்னு வை, கதவு தானா தெறந்து பறந்துடுச்சுன்னு வை, என் மனசு முதல்ல அவன் பக்கந்தான் திரும்பும். மூணு வருஷம் அந்த மாதிரி சந்தேகத்துக்கு எதிர்ல நின்னு பாத்துட்டேன். அவனை அங்க நிக்கவைக்க எனக்கு இஷ்டமில்ல.”

வஸீலா